எங்கள் வாசலில் நட்ட காமன்

ஒரு வருஷம் எங்கள் வீட்டுத் தபால் இலாகா நான்தான். சம்பளம் இல்லை, காக்கிச் சட்டை இல்லை. அப்பா வாசலில் சொல்வதை அடுப்படியில் இருக்கும் அம்மாவிடம் சேர்க்க வேண்டும். அம்மா சொல்வதை வாசலுக்குக் கொண்டுவர வேண்டும். எட்டி வைத்தால் பன்னிரண்டு அடி தூரம். எனக்கு அப்போது ஒன்பது வயது. என் அண்ணனுக்குப் பதினொன்று. ஆனாலும் அவனை இந்த வேலைக்கு யாரும் நம்பவில்லை. ஏனென்றால் அவன் சொன்னதைச் சொன்னபடியே சொல்லிவிடுவான்.

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. சேந்தமங்கலத்துக்கு மேற்கே, கொல்லிமலை நாளெல்லாம் கண்ணில் படுகிற சமவெளியில் எங்கள் தோட்டமும் வீடும் இருந்தன. வீடு என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓட்டுக்கூரை, முன்னால் சாணம் மெழுகிய அகலமான வாசல், உள்ளே ஓர் அறை, அதற்குப் பின்னால் அடுப்படி. அறைக்கும் அடுப்படிக்கும் நடுவில் இருந்த சுவரைக் கட்டியவருக்கு மண் போதவில்லையோ மனசு போதவில்லையோ, ஆள் உயரத்தோடு நிறுத்திவிட்டார். அதற்கு மேல் கூரை வரைக்கும் திறப்புத்தான். குருவிகள் வாசல் வழியாக வந்து அந்தத் திறப்பில் புகுந்து அடுப்படிக்குப் போய், அரிசி நொய்யைப் பொறுக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பும். நான் மட்டும் நிலைப்படி ஏறி இறங்கி, சுற்றிக்கொண்டு ஓடுவேன்.

அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்ளாமல் போனதற்குக் காரணம் மன்மதன்.

காமன் பண்டிகை தெரியாதவர்கள் இருக்கலாம், அவர்களுக்காகச் சொல்கிறேன். மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் பிறையன்று ஊர்ப் பொதுவிடத்தில் ஒரு கொட்டமுத்துச் செடியை நடுவார்கள். கொட்டமுத்து என்றால் ஆமணக்கு. பக்கத்தில் ஒரு கரும்பு. அதுதான் மன்மதன். அவனுக்கும் ரதிக்கும் கல்யாணம் நடக்கும். சிவனுடைய தவத்தைக் கலைக்க அவன் மலர் அம்பு எய்வான், சிவன் நெற்றிக்கண்ணைத் திறப்பார். பௌர்ணமியன்று செடியைச் சுற்றி வறட்டி அடுக்கிக் கொளுத்துவார்கள். சேலை கட்டிய ரதி வேஷக்காரர் மாரில் அடித்துக்கொண்டு அழுவார். மூன்றாம் நாள் சாம்பலில் பால் தெளித்து மன்மதனை எழுப்புவார்கள். ஆசைக்கென்று எங்கள் பக்கத்தில் ஒரு பண்டிகை உண்டென்றால் அது இதுதான். அதை நாங்கள் கொண்டாடிய விதம் சண்டை போடுவது.

பாட்டுச் சண்டைதான். ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்து உட்காரும். மன்மதன் எரிந்தே போனான் என்பது எரிந்த கட்சி. அவன் எரியவில்லை, உடம்பு இல்லாமல் இன்னும் இருக்கிறான் என்பது எரியாத கட்சி. ஆளுக்கொரு டேப்பு, அதாவது ஒற்றைத் தோல் போட்ட வட்ட மேளம், அதைத் தட்டிக்கொண்டு ஒருவர் கேள்வியாகப் பாடுவார். மற்றவர் பதிலாகப் பாட வேண்டும். பதில் வராவிட்டால் டேப்பை எதிராளி காலடியில் வைத்துவிட வேண்டும். யார் எந்தக் கட்சி என்பது பரம்பரையாக வருவது. யோசித்துச் சேர்வது இல்லை. அப்பா எரிந்த கட்சிக்குத் தலைமை. எரியாத கட்சிக்குத் தலைமை ஓடைக்கு அந்தப் பக்கம் குடியிருந்த என் மாமன், அம்மாவின் கூடப்பிறந்த ஒரே அண்ணன்.

அந்த மாசியில் அப்பா ஒரு கேள்வி போட்டார். சொந்தமாகக் கட்டியது. அதற்காக ஒரு மாதம், கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைக்கும்போதெல்லாம் மாடுகளிடம் பாடிப் பாடிப் பார்த்திருந்தார். கேள்வி விழுந்ததும் கூட்டம் அடங்கிவிட்டது. மாமன் உடனே பாடவில்லை. வாயில் இருந்த வெற்றிலையை நிதானமாக மென்றார். எழுந்து போய்த் துப்பினார். வந்து உட்கார்ந்து மடியில் இருந்து இன்னொரு வெற்றிலையை எடுத்து, காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பு தடவ ஆரம்பித்தார். கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். அப்பாவுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, கையில் இருந்த டேப்பாலேயே மாமன் நெற்றியில் ஒரு போடு போட்டுவிட்டார். தோல் கிழிந்தது, மேளத்துக்கும் கிழிந்தது, மாமனுக்கும் கிழிந்தது.

மாமன் துண்டால் நெற்றியைப் பொத்திக்கொண்டு ஒரே வார்த்தைதான் சொன்னார். "இனி நான் பாட மாட்டேன். கூப்புடாம உம்பட வாசல மிதிக்கவும் மாட்டேன்." அம்மா வீட்டுக்கு வந்து, அப்பா காதில் விழும்படி என்னிடம் சொன்னாள்: "இனி எதுனாலும் உன்கிட்டச் சொல்றேன் அம்மிணி, நீ போய் உங்கப்பன்கிட்டச் சொல்லு."

இப்படித்தான் எனக்கு வேலை கிடைத்தது.

அப்பா தப்புத்தான் செய்துவிட்டார் என்று ஊருக்கே தெரியும், அப்பாவுக்கும் தெரியும். ஆனால் போய் மாமனைக் கூப்பிட அவருக்குக் கால் எழவில்லை. எங்கள் தம்பிக்கு மூன்று வயது முடியப்போகிறது, இன்னும் காது குத்தவில்லை. காது குத்தினால் தாய்மாமன் மடியில்தான் உட்கார வைத்துக் குத்த வேண்டும். மாமன் வராவிட்டால் அவன் மூளிக்காதோடு திரிய வேண்டியதுதான். அம்மா தினமும் அவன் தலையை வாரும்போது காது மடலைத் தொட்டுப் பார்ப்பாள். கூடப்பிறந்தவன் வீட்டுப் புகை ஓடைக்கு அந்தப் பக்கம் எழுவதைப் பார்த்துக்கொண்டே ஒரு பொங்கல், ஒரு ஆடிநோம்பி, ஒரு தீபாவளி போயிற்று.

இந்த நிலைமையில் என் தபால் வேலையை நான் எவ்வளவு திறமையாகச் செய்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். தன்னைத் தானே புகழ்வது தம்பட்டம்தான். இருந்தாலும் அந்த வருஷத்தை எண்ணினால் இப்போதும் எனக்கு ஒரு மிதப்பு வந்துவிடுகிறது.

அப்பா களி உருண்டையை வட்டிலில் உருட்டிப் பார்த்துவிட்டு, "களி கல்லாட்டம் இருக்குதுன்னு உங்கம்மாகிட்டச் சொல்லு கண்ணு" என்பார். நான் அடுப்படிக்கு ஓடி, "அப்பாவுக்குக் களி ரொம்பப் புடிச்சிருக்குதாமுங்க. சித்தெ எளக்கமாக் கிண்டினா இன்னொரு உருண்டை தின்பாங்களாமுங்க" என்பேன். அம்மா அகப்பையைத் தட்டிக்கொண்டு, "தின்னாத் திங்கட்டும், இல்லாட்டி நாய்க்கு வெக்கச் சொல்லு" என்பாள். நான் வாசலுக்கு ஓடி, "நாளைக்கு எளக்கமாக் கிண்டறாங்களாமுங்கப்பா" என்பேன். மறுநாள் பார்த்தால், களி வெண்ணெய் மாதிரி இருக்கும். அப்பா இரண்டு உருண்டை தின்பார். இரண்டு பேரையும் நான்தான் கட்டி மேய்க்கிறேன் என்ற கர்வத்தோடு நான் மூன்றாவது உருண்டையைத் தின்பேன்.

பொய்யில் சின்னப் பொய், பெரிய பொய் என்று உண்டு. நான் சொன்ன பொய்களிலேயே பெரியது ஐப்பசியில் சொன்னது. அப்பாவுக்குக் குளிர்காய்ச்சல் வந்து மூன்று நாளாக வாசல் கட்டிலில் கிடந்தார். அம்மா விடிந்ததும் கசாயம் காய்ச்சி என் கையில் கொடுத்து, "குடிச்சாக் குடிக்கட்டும், குடிக்காட்டிப் போகட்டும்னு சொல்லு" என்றாள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அம்மா ராத்திரி பூராத் தூங்கலீங்கப்பா. நீங்க மொனகறதைக் கேட்டுட்டு உக்காந்தே இருந்தாங்க" என்று சொல்லிவிட்டேன். அப்பா கசாயத்தை ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இவ்வளவு பெரிய பொய்க்குச் சாமி கண்ணைக் குத்திவிடும் என்று பயந்து, பிள்ளையார் முன்னால் போய் இருபத்தொரு தோப்புக்கரணம் போட்டேன்.

அடுத்த மாசி வந்தது. போன வருஷத்து மண்டை உடைப்பை மனசில் வைத்து, மணியக்காரர் இந்த வருஷம் ஊரில் காமன் நடக்கூடாது என்று சொல்லிவிட்டார். எங்களுக்கு அது இடிவிழுந்த மாதிரி இருந்தது. பெரியவர்களுக்குப் பாட்டு, எங்களுக்கு வறட்டி திருடுவது, தீயைச் சுற்றி ஓடுவது, சாம்பல் பூசிக்கொள்வது. அண்ணன் இரண்டு நாள் சாப்பிடாமல் அடம்பிடித்தான். மூன்றாம் பிறையன்று சாயங்காலம் அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்து எங்கள் வாசல் ஓரத்திலேயே ஒரு குழி வெட்டினார். "ஊர்லதான நடக்கூடாதுன்னாங்க. நம்ம ஊட்டுல நடறதை ஆரு கேக்கறது?" என்றார்.

வரப்பு ஓரத்தில் இருந்து கொட்டமுத்துச் செடியை அண்ணன் வெட்டி வந்தான். கரும்பைப் பக்கத்துத் தோட்டத்தில் கேட்டு வாங்கினோம். வைக்கோல் புரியைச் சுற்றி, மாவிலை கட்டி, மஞ்சள் துணி சுற்றியதும் எங்கள் மன்மதன் என் இடுப்பு உயரத்துக்கு அழகாக நின்றான். அவனைச் சுற்றி மூன்று பிள்ளைகளும் கும்மி தட்டினோம். தம்பி அவனுக்குப் பொரி ஊட்டினான். ஊரில் ஆண் பிள்ளைதான் சேலை கட்டி ரதியாவான். எங்கள் வீட்டில் ரதி நான்தான் என்று சொல்லிவிட்டேன். அண்ணன் சேலை கட்ட மாட்டேன் என்றதால் எதிர்ப்பு இல்லை.

சிக்கல் அதன் பிறகுதான் வந்தது. ரதி என்றால் கல்யாணம் நடக்க வேண்டும். கல்யாணம் என்றால் தாய்மாமன் வேண்டும். பெண்ணுக்குத் தாய்மாமன் சேலை கொண்டுவந்து கொடுக்காமல் எங்கள் பக்கத்தில் எந்தக் கல்யாணமும் நடந்ததில்லை. அண்ணன், "வெளையாட்டுக் கண்ணாலத்துக்கு எதுக்குடி மாமன்?" என்று கேட்டான். அவனுக்கு விளையாட்டாக இருக்கலாம், கல்யாணம் எனக்கல்லவா. பத்து வருஷம் கழித்து உண்மையான கல்யாணம் ஆனபோதுகூட நான் அவ்வளவு மும்முரமாக இருக்கவில்லை. வாசலில் நின்று, அண்ணனிடம் என் திட்டத்தைச் சொன்னேன். வெற்றிலை பாக்கு வைத்து நானே போய் மாமனை அழைக்கப்போகிறேன். வெற்றிலைத் தட்டை நீட்டிக் கூப்பிட்டால், எந்தத் தாய்மாமனும் வரமாட்டேன் என்று சொல்ல முடியாது. வெற்றிலையைத் தள்ளினால் குலத்துக்கே ஆகாது.

ஆனால் வெற்றிலையும் பாக்கும் அடுப்படிப் பரணில் எட்டாத உயரத்தில் இருக்கும். மறுநாள் அம்மா களத்துக்குப் போனதும் முக்காலியைத் தூக்கிக்கொண்டு போனேன். என் அதிர்ஷ்டம், பித்தளைத் தட்டும் வெற்றிலைக் கட்டும் பாக்கும் ஒரு மஞ்சள் கிழங்கும் அம்மிக்குப் பக்கத்தில் கீழேயே கிடந்தன. எடுத்துப் பாவாடையில் மறைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அப்பா மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. மாட்டிடம்தான் சொன்னார்: "கெழக்கால தடத்துல முள்ளு வெட்டிப் போட்டிருக்குது. பள்ளத்து வழியாப் போனாத்தான் கால்ல தைக்காது." அது செவலை மாட்டுக்குச் சொன்ன புத்தி என்றாலும் எனக்கும் உதவியது. பள்ளத்து வழியாகவே போனேன்.

மாமன் வீட்டில் மாமியார், அதாவது அப்போது வெறும் அத்தை, கம்பு புடைத்துக்கொண்டிருந்தார். பின்னாளில் எனக்கு மாப்பிள்ளையான அவர்கள் மகன் மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு கோழியைத் துரத்திக்கொண்டிருந்தான்.

"ஏனுங்கத்தே, மாமன் இல்லீங்களா? எனக்குக் கண்ணாலமுங்க. வெத்தல பாக்கு வெக்க வந்தேன்" என்றேன்.

அத்தை முறத்தைக் கீழே வைத்தார். "கண்ணாலமா? என்ற பையன உட்டுப்போட்டு ஆரைக் கட்டிக்கப் போறே அம்மிணி?"

"கொட்டமுத்துக் குச்சியைங்க."

அத்தை சிரித்த சிரிப்பில் கோழிகூட நின்று பார்த்தது. மாமன் உள்ளே இருந்து வந்தார். ஒரு வருஷத்தில் அவரை அவ்வளவு பக்கத்தில் நான் பார்க்கவில்லை. நெற்றியில் பிறை மாதிரி ஒரு வடு. பெரியவர்கள் செய்கிற மாதிரியே தட்டை இரண்டு கையாலும் நீட்டி, "பௌர்ணமி அன்னிக்குச் சாயங்காலமுங்க மாமா. நீங்க வந்து சேலை குடுத்தாத்தானுங்க கண்ணாலம்" என்றேன்.

அவர் தட்டைப் பார்த்தார். "ஆரு அனுப்புனா?"

"ஆரும் அனுப்பலீங்க. நானே எடுத்துட்டு வந்தனுங்க."

அவர் குனிந்து ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. எடுத்த வெற்றிலையை வாயில் போடவும் இல்லை. கையில் பிடித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். வீடு திரும்பும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். மாமன் வராமல் போனால் என் கல்யாணம் நின்றுபோகும். வந்தால் அப்பா என்ன செய்வாரோ.

பௌர்ணமி வந்தது. பத்து நாளாகச் சேர்த்த வறட்டியைச் செடியைச் சுற்றி அடுக்கினோம். அம்மா தன் பழைய சேலையை நாலாக மடித்து எனக்குக் கட்டிவிட்டாள். இரண்டு தரம் கொசுவம் நழுவியது. அப்பா உள்ளே போய், ஒரு வருஷமாகச் சுவரில் மாட்டியிருந்த டேப்பை எடுத்து வந்தார். கிழிந்த தோலுக்குப் பதில் புதுத் தோல் போட்டிருந்தது. எப்போது போட்டார் என்று எங்களுக்குத் தெரியாது. தீ மூட்டி, தோலைக் காய்ச்சி, விரலால் தட்டிப் பார்த்தார்.

கொல்லிமலைப் பக்கம் நிலா வெளுக்கத் தொடங்கிய நேரத்தில் வேலிப் படலுக்கு அந்தப் பக்கம் யாரோ வந்து நின்றார்கள். மாமன்தான். தோளில் துண்டு, கக்கத்தில் ஒரு சின்னச் சிவப்புச் சேலை. பின்னால் அத்தை. அவர் படலைத் தள்ளவில்லை. கூப்பிடாமல் வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொன்ன வாய் அது. நான் வெற்றிலை வைத்துக் கூப்பிட்டது படல் வரைக்கும்தான் செல்லும்போல இருக்கிறது. அதற்கு மேல் வீட்டுக்காரர் கூப்பிட வேண்டும். அப்பா தலை நிமிரவில்லை. "வாங்க" என்ற ஒரு சொல், மூன்றே எழுத்து, அதைச் சொல்லாமல் அவர் டேப்பின் தோலைத் தடவிக்கொண்டிருந்தார். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. தம்பி படலைப் பிடித்துக்கொண்டு நின்று மாமனை அண்ணாந்து பார்த்தான். அவனுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை.

எனக்கு அழுகை முட்டியது. அந்த நேரம் பார்த்து அப்பா டேப்பை எடுத்து அடித்தார். பாட ஆரம்பித்தார். போன வருஷம் பதில் வராமல் நின்ற அதே கேள்வி:

நெற்றிக்கண் தீயிலே நீறாகிப் போனபின்னே
வில்லெடுக்கக் கையேது, குறிபார்க்கக் கண்ணேது?
எரியாத கட்சியாரே, எழுந்துவந்து சொல்லுமையா,
கரும்புவில்லை வளைக்கிறது காற்றா, இல்லை பேயா?

வாவென்று சொல்லத் தெரியாத மனுஷன் அப்படித்தான் கூப்பிட்டார் என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு, மறுபடியும் சண்டைக்கு இழுக்கிறார் என்றுதான் பட்டது. மாமன் உதடு அசைந்தது. பதில் அவரிடம் இருந்தது. ஒரு வருஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் பாட மாட்டேன் என்று சொன்னதும் அதே வாய்தானே. அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்பாவின் டேப்பு பதிலுக்காகத் தட்டிக்கொண்டே இருந்தது. மூன்று சுற்று முடிந்தால் கேள்வி ஜெயித்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு சுற்று முடிந்தது.

அப்போது அடுப்படிக்குள் இருந்து ஒரு குரல் எழுந்தது. பெண் பிள்ளைகள் காமன் பாட்டுப் பாடி அதுவரை எங்கள் ஊரில் யாரும் கேட்டதில்லை. அம்மா தாலாட்டுப் பாடிக் கேட்டிருக்கிறேன், ஒப்பாரி பாடிக் கேட்டிருக்கிறேன். இது வேறு. தாளம் பிசகாமல், டேப்பு அடிக்கு நேராக, அந்தச் சுவருக்கு மேலே இருந்த திறப்பின் வழியாக வந்து வாசல் முழுக்க நின்றது:

காற்றுமில்லை பேயுமில்லை, கைப்பிடித்த மகராசா,
கையிருந்தால் தடுத்திருப்பேன், கண்ணிருந்தால் ஒளிந்திருப்பேன்;
மேனியில்லாதான் எய்த அம்பு மேனியெல்லாம் பட்டதாலே
பிறந்தவாசல் விட்டுவந்து உம்வாசல் கூட்டுகிறேன்.

அப்பாவின் கை டேப்பு மேலேயே நின்றுவிட்டது. படலுக்கு வெளியே மாமன் துண்டால் கண்ணைத் துடைத்தார். பிறகு சத்தமாகச் சிரித்தார். அத்தை, "எங்க கட்சிப் பொம்பளையாச்சே!" என்று யாரிடமோ சொன்னார். எனக்குப் பாட்டின் பொருள் விளங்கவில்லை. எங்கள் அம்மா ஜெயித்துவிட்டாள் என்பது மட்டும் விளங்கியது. நான் எரிந்த கட்சியில் பிறந்தவள். கட்சி தோற்றதற்கு அழுதிருக்க வேண்டும். நானோ கட்டிய சேலையோடு குதித்தேன். அன்றைக்கு இருந்த பெருமை என் பிள்ளைகள் பரீட்சை தேறியபோதுகூட எனக்கு இருந்ததில்லை.

தோற்றவர் வழக்கப்படி அப்பா எழுந்தார். டேப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய் அடுப்படி நிலைப்படியில், அம்மாவின் காலடியில் வைத்தார். என்ன சொல்வார்களோ, எதை எங்கே கொண்டுபோக வேண்டுமோ என்று நான் பின்னாலேயே ஓடினேன்.

அம்மா அப்பாவைப் பார்த்து, "ஏனுங்க, அதை அக்கட்டால எடுத்து வையுங்க. கால்ல படுது" என்றாள்.

அதை அப்பாவிடம் சொல்வதற்காக வாயைத் திறந்தேன். அப்பா ஏற்கெனவே டேப்பை எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டிருந்தார். ஒரு வருஷம் பார்த்த வேலை அந்த நொடியில் என் கையை விட்டுப் போயிற்று.

"எங்கண்ணன் வெளிய நிக்கறாங்க" என்றாள் அம்மா. அப்பா போய்ப் படலைத் தன் கையால் திறந்தார். "உள்ள வாங்க மச்சான்" என்றார். அந்த வடுவைப் பார்த்துவிட்டு, பார்க்காதது மாதிரி தரையைப் பார்த்தார். மாமன் உள்ளே வந்து, "பதில் கெடச்சிருச்சுங்களா மாப்ளே?" என்று கேட்டார். அவ்வளவுதான். மன்னிப்பு என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். மாமன் தம்பியைத் தூக்கிக்கொண்டார், தூக்கியதும் அவன் காது மடலைத்தான் தொட்டுப் பார்த்தார்.

சிவப்புச் சேலையை என் தோளில் போட்டார்கள். எனக்கும் கொட்டமுத்துக் குச்சிக்கும் முறைப்படி கல்யாணம் நடந்தது. பிறகு அண்ணனுக்குப் பெரிய சந்தேகம் வந்துவிட்டது. எரியாத கட்சி ஜெயித்துவிட்டதே, இனிக் கொளுத்தலாமா கூடாதா? பத்து நாள் வறட்டி வீணாகிவிடுமோ என்ற கவலை அவனுக்கு. மாமன் சிரித்தார். "எரிச்சாத்தானடா மூணாம் நாள் எழுப்ப முடியும்?" என்று அவரே கொள்ளியை எடுத்துக் கொடுத்தார். தீ கூரை உயரத்துக்கு எழுந்தது. ரதியாகிய நான் மாரில் அடித்துக்கொண்டு அழ வேண்டிய கட்டம். எவ்வளவு முயன்றும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அண்ணன் தொடையில் கிள்ளிவிட்ட பிறகுதான் ஒழுங்காக அழுதேன்.

மூன்றாம் நாள் சாம்பலில் பால் தெளித்தோம். அதே வாசலில் மாமன் மடியில் உட்கார வைத்துத் தம்பிக்குக் காது குத்தினார்கள். அவன் போட்ட கூச்சலில் மன்மதன் எழுந்தானோ இல்லையோ, ஊரே எழுந்து வந்தது. வந்தவர்களிடம் எல்லாம், இந்தக் குடும்பத்தைச் சேர்த்து வைத்தது நான்தான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் சாமர்த்தியமான பொய்களால் ஒரு வருஷம் இரண்டு பேரையும் ஏமாற்றி, கடைசியில் வெற்றிலையைத் திருடிக் காரியத்தை முடித்தேன். இது எனக்குள் ஒரு பதக்கம் மாதிரி பத்துப் பன்னிரண்டு வருஷம் தொங்கிக்கொண்டிருந்தது.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தபோது ஒரு மத்தியானம் அடுப்படியில் பாய் போட்டுப் படுத்திருந்தேன். பக்கத்தில் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வாசல் கட்டிலில் அப்பா அண்ணனிடம் மெல்லிய குரலில் ஏதோ பேசினார். என் வளைகாப்பு வளையல் நன்றாக இல்லை என்று. எனக்குத் தெரியக்கூடாது என்று குரலை இறக்கித்தான் சொன்னார். ஒவ்வொரு சொல்லும் அந்தச் சுவருக்கு மேலாக வந்து என் காதில் விழுந்தது.

நான் எழுந்து உட்கார்ந்தேன். "ஏம்மா, வாசல்ல பேசறது இங்கே கேக்குமா?"

"காது இருந்தாக் கேக்கும்."

"அப்ப அந்த வருசம் அப்பா சொன்னதெல்லாம்?"

"கேட்டுது."

"நாஞ் சொன்னது?"

"அதுந்தான் கேட்டுது. உங்கப்பனுக்கும் அப்படித்தான், இங்க பேசறது அங்க கேக்கும்." அம்மா வெங்காயத்தை விட்டுக் கண் எடுக்கவில்லை. "ரண்டையும் கேட்டுட்டு எது நல்லா இருக்குதோ அதை எடுத்துக்குவோம். வெத்தலை கூட, நீ வாசல்ல உன்ற அண்ணங்கிட்டச் சொன்ன அன்னிக்குத்தான் பரண்ல இருந்து எறக்கி வெச்சேன்."

என் பதக்கம் கழன்று விழுந்த சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. அம்மா இன்னொரு வெங்காயத்தை எடுத்தாள்.

"ஆனா ஒண்ணு சாமி. ஐப்பசியில உங்கப்பன் காச்சல்ல கெடந்தப்ப, நான் ராத்திரி பூராத் தூங்காம உக்காந்திருந்தேன்னு போய்ச் சொன்னே பாரு. அது உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

எனக்குத் தெரியாது. அன்றைக்கு ராத்திரி நான் அவள் மடியில்தான் தலை வைத்து, விடியும் வரைக்கும் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தேன்.